ஒரே மூச்சில் விளையாடி முடிக்க: வாசகர் கேள்வி-பதில்

இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம்களைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அறுபது மணி நேரக் கேமை எடுத்தால், அடுத்த வாரம் உட்காரும்போது எந்த ஊரில் நின்றேன், எதற்காக அங்கே போனேன் என்றே மறந்துவிடுகிறது. ஒரே மதியத்தில் முடிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் அண்ணா. பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று.
— ஒரு வாசகி, விருதுநகர்

'எ ஷார்ட் ஹைக்'. யோசிக்கவே வேண்டியதில்லை தங்கச்சி, இதுதான்.

கிளேர் என்ற பறவைப் பெண் விடுமுறைக்கு அத்தை இருக்கும் ஒரு தீவுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போனுக்காகக் காத்திருக்கிறாள். தீவில் சிக்னல் கிடையாது, மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். ஏற வேண்டும். கதை இவ்வளவுதான். வழியில் தங்க இறகுகள் கிடைக்கும். ஓர் இறகு கூடினால் இன்னும் கொஞ்சம் உயரம் தொற்றி ஏறலாம், காற்றில் இன்னொரு முறை சிறகடிக்கலாம். அதனால் நேராக உச்சிக்குப் போக முடியாது. தீவைச் சுற்றித்தான் ஆக வேண்டும். ஒரு குழந்தை சிப்பி பொறுக்கித் தரச் சொல்லும், ஒருவர் ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவார், ஒருவர் தூண்டிலைக் கையில் கொடுத்துவிடுவார். யாரையும் கண்டுகொள்ளாமல் போகலாம். நின்று பேசினால் நல்லது.

இதைச் செய்தவர் கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ. பெரிய கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர், அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு 2019இல் இந்தச் சின்னதை முடித்து வெளியிட்டார். மறு வருடம் தனிச் சிறு படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் இதற்குத்தான் முதன்மைப் பரிசு. மேலே ஏற ஏற இசையில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேரும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியில் போன் வரும். யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று எழுத மாட்டேன். வார்டில் நாள் முழுக்க நிற்கிற உங்களுக்கு அந்தப் பேச்சு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். பேசி முடித்ததும் மலையிலிருந்து கீழே வர ஒரு வழி திறக்கும். அங்கே அவசரப்படாதீர்கள். நீங்கள் மூச்சு வாங்க ஏறிய பாறை, தூண்டில் போட்ட கரை, பேசிய ஆட்கள் எல்லாம் ஒரே பார்வையில் கீழே தெரியும். தீவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் உங்களுக்குப் பழகியிருப்பதால்தான் அது மனதை நிறைக்கிறது. வாரம் ஒரு அரை மணி என்று ஏறியிருந்தால் கீழே தெரிவது வெறும் படம்தான்.

இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற கேமுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது நியாயமா சார்? அதே காசுக்கு நூறு மணி நேரம் ஓடுகிற கேம் கிடைக்கிறதே!
— கல்லூரி மாணவர், கோவில்பட்டி

தம்பி, நான் பாளையங்கோட்டையில் பல வருடம் கேம் சென்டர் நடத்தியவன். மணிக்கு இருபது ரூபாய் என்று மணியைத்தான் விற்றேன். 'வைஸ் சிட்டி' கதையின் முடிவைப் பார்த்த பையன்கள் அங்கே மிகக் குறைவு. கார் ஓட்டுவார்கள், போலீஸ் துரத்தும், நேரம் முடிந்துவிடும். அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேம் உங்களிடம் என்ன விட்டுச் செல்கிறது என்பதை மணிக்கணக்கில் அளக்க முடியாது என்று அந்தக் கல்லாவில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

'போர்ட்டல்' என்று ஒரு கேம். 2007இல் வால்வ் நிறுவனம் 'ஆரஞ்ச் பாக்ஸ்' என்ற தொகுப்பில், பெரிய கேம்களோடு சேர்த்து இதையும் வைத்தது. மாணவர்கள் சிலர் கல்லூரி புராஜெக்டாகச் செய்த 'நர்பாகுலர் டிராப்' என்ற கேமைப் பார்த்து, அவர்களையே வேலைக்கு எடுத்துச் செய்ய வைத்தது. சுவரில் ஒரு வாசல், தரையில் ஒரு வாசல். இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். இந்த ஒரே ஒரு யோசனையை வைத்துப் பத்தொன்பது சோதனை அறைகள். ஒவ்வொரு அறையும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும், அடுத்த அறை அதைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு இன்னொரு படி போகும். மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதையே நூறு மணி நேரம் இழுத்திருந்தால் அதே அறைகளுக்கு வேறு வேறு பெயின்ட் அடித்திருப்பார்கள்.

காசு இல்லையென்றால் பொறுத்திருங்கள். கணினிக்குக் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கோடையிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும், அப்போது வாங்குங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேம் ஓடவில்லை, பிடிக்கவில்லை என்பவர்களுக்காக உள்ள நல்ல வசதி அது. ஆனால் ஒன்றரை மணி நேரக் கேமை முழுசாக முடித்து, ரசித்து, அப்புறம் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 'சம்மர் ஆஃப் 58' என்ற சின்ன திகில் கேமைச் செய்த எமிகா கேம்ஸ், இதனாலேயே கேம் செய்வதை விடுவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பாராட்டி எழுதியவர்களிலேயே பலர் பணத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு இது வயிற்றில் அடிப்பது. சிறிய கேம் நமக்கு வேண்டுமென்றால், அதைச் செய்கிறவர் அடுத்ததைச் செய்யும் நிலையில் இருக்க வேண்டும்.

நான் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம்தான் விளையாடுவேன். நீங்கள் ஏன் 'ஒரே மூச்சில்' என்று இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? சின்ன கேமைக்கூட நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளலாமே.
— வங்கி ஊழியர், தூத்துக்குடி

பெரும்பாலான கேம்களுக்கு அரை மணி போதும். இந்த வகைக்குப் போதாது. காரணம் கதை மறந்துவிடும் என்பதல்ல, கை மறந்துவிடும் என்பதுதான்.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சாகக் கிடக்கிறார். மருந்து தேடி அண்ணனும் தம்பியும் கிளம்புகிறார்கள். லெபனானில் பிறந்து சுவீடனில் சினிமா எடுத்த ஜோசஃப் ஃபாரெஸ் 2013இல் இயக்கியது. பாத்திரங்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, அதனால் ஆங்கிலம் தெரியாதவரும் விளையாடலாம். முக்கியமான விஷயம் இதுதான்: கன்ட்ரோலரில், அதாவது இரு கையாலும் பிடித்து விளையாடும் கருவியில், கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிகள் இருக்கும். இடது ஸ்டிக் அண்ணன், வலது ஸ்டிக் தம்பி. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நீங்களே நடத்த வேண்டும். முதல் பத்து நிமிடம் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் உங்கள் இடது கைக்கு அண்ணன் குணமும் வலது கைக்குத் தம்பி குணமும் வந்துவிடும். தம்பிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசிப் பகுதியில் இந்தக் கைப்பழக்கத்தை வைத்தே ஒன்று செய்கிறார்கள். வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது, உங்கள் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த அந்த நொடியில் தொண்டை அடைத்துவிடும். இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். நான்கு நாள் இடைவெளி விட்டிருந்தால் அந்த இடத்தில் 'எந்தப் பட்டன்?' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மூன்று மணி நேரத்தில் முடியும். 2024இல் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். பழையதே போதும். கன்ட்ரோலர் இல்லாமல் மட்டும் தொடாதீர்கள்.

இன்னொரு காரணம் 'ஜர்னி'. 2012இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, 2019இல் கணினிக்கும் ஐபோனுக்கும் வந்தது. பாலைவனம், தூரத்தில் ஒளி வீசும் மலை, சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம். நடந்துபோகும்போது இன்னோர் உருவம் எதிர்ப்படும். உலகத்தின் ஏதோ மூலையில் அதே நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் நிஜ மனிதர் அவர். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி எழுப்பிக் கூப்பிட மட்டும் முடியும். ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டால் பறப்பதற்கான சக்தி இருவருக்கும் ஏறும். கெடுதல் செய்ய வழியே வைக்கவில்லை. தள்ளிவிட முடியாது, எதையும் பிடுங்க முடியாது. பனிமலையில் காற்று அடிக்கும்போது அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டு நடப்பீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வழியில் சந்தித்தவர்களின் பெயர் திரையில் வரும்.

சரி, பாதியில் எழுந்துபோனால்? உங்கள் பயணம் சேமித்திருக்கும். அந்த ஆள் இருக்கமாட்டார். நாளைக்கு வேறு யாரோ வருவார். முந்தின பாலைவனத்தில் உங்களுக்காக நின்று காத்திருந்தவர் அவர் இல்லை. அதனால் வற்புறுத்துகிறேன். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற ஆறு நாளும் உங்கள் அரை மணியை வேறு கேமுக்குக் கொடுங்கள்.

வயது 54. கேம் என்று எதுவும் விளையாடியதில்லை. மகள் "ஒன்று விளையாடிப் பாருங்கம்மா" என்று நச்சரிக்கிறாள். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் மட்டும். ஓடுவது, சுடுவதெல்லாம் எனக்கு வராது.
— குடும்பத் தலைவி, காரைக்குடி

'ஃப்ளோரன்ஸ்' விளையாடுங்கள் அம்மா. முக்கால் மணி நேரம் போதும். ஓட வேண்டாம், சுட வேண்டாம், தோற்கவும் வழியில்லை. வாசிக்கவும் அதிகம் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மவுன்டன்ஸ் என்ற சிறு குழு, 2018 பிப்ரவரி 14 அன்று வெளியிட்டது. ஃப்ளோரன்ஸ் யோ இருபத்தைந்து வயதுப் பெண். காலையில் அலாரம் அடிக்கும், நீங்கள்தான் அணைக்க வேண்டும். பல் தேய்க்க வேண்டும், விரலை இப்படியும் அப்படியும் இழுத்தால் தேய்க்கும். ஆபீஸில் ஒரே மாதிரி எண்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். சலிப்பாக இருக்கும். அவளுக்கும் சலிப்புதான், அதைத்தான் உங்கள் விரலுக்குச் சொல்கிறார்கள். பிறகு தெருவில் செல்லோ வாசிக்கும் கிரிஷ் என்ற பையனைச் சந்திக்கிறாள். பெயரே சொல்லும், நம் ஊர்ப் பூர்வீகம்.

முதல் சந்திப்பில் அவள் பேசுவதற்கு நீங்கள் துண்டுகளைப் பொருத்தி ஒரு பேச்சுக் குமிழியை நிரப்ப வேண்டும். முதலில் நிறையத் துண்டுகள், பொருத்த நேரமாகும். என்ன பேசுவது என்று அவள் தடுமாறுகிறாள். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. கடைசியில் ஒரே துண்டு, எடுத்து வைத்தால் பேச்சு முடிந்தது. இரண்டு பேர் எப்படி நெருங்குகிறார்கள் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் காட்டிவிட்டார்கள். பின்னால் சண்டை வரும்போது துண்டுகள் கூர்மையாகிவிடும், முந்திக்கொண்டு பொருத்த வேண்டியிருக்கும். யார் வேகமோ அவர்கள் பேச்சு மேலே ஏறும். விளையாடும்போது என் கை தானாக வேகம் எடுத்தது. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தோன்றவில்லை.

அவன் அவள் வீட்டுக்குக் குடிவருகிறபோது அலமாரியில் யார் பொருளை எடுத்துவிட்டு யார் பொருளை வைப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அலமாரியை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வரும். முடித்துவிட்டு உடனே மகளைக் கூப்பிடுங்கள். அவள் அலமாரியில் எதை விட்டுவைத்தாள் என்று கேளுங்கள். நல்ல பேச்சு ஒன்று நடக்கும்.

பிடித்திருந்தால் அடுத்து 'மான்யுமென்ட் வேலி'. 'ஃப்ளோரன்ஸ்' குழுவை நடத்திய கென் வாங் முன்பு வடிவமைத்தது. படிக்கட்டையும் கோபுரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிலைகள், கண்ணுக்கு விருந்து.

எட்டு வயதுப் பேரனோடு சேர்ந்து விளையாட?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

முதல் பதிலில் சொன்ன 'எ ஷார்ட் ஹைக்'தான் ஐயா. ஏறுவதை அவன் பார்த்துக்கொள்ளட்டும், தூண்டிலை நீங்கள் பிடியுங்கள்.

சாவைப் பற்றிப் பேசுகிற, ஆனால் யாரையும் கொல்லச் சொல்லாத கேம் இருக்கிறதா? போன வருடம் அண்ணனை இழந்தேன். மனதைத் திசைதிருப்புகிற கேம்கள் போதும் என்றாகிவிட்டது.
— வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது. விளையாடத் தொடங்கும் முன் இந்தப் பதிலை முழுக்கப் படித்துவிடுங்கள்.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்', 2017இல் வந்தது. மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, பெரிய நிறுவனங்களின் கேம்களைத் தாண்டி இதைத்தான் சிறந்த கேமாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தீவு, அதில் அறை மேல் அறை கட்டி வளர்ந்த ஒரு பழைய வீடு. அந்தக் குடும்பத்தில் இறந்தவர்களின் அறைகளைச் சீல் வைத்து மூடியிருக்கிறார்கள். ஈடித் திரும்பி வந்து ஒவ்வொரு அறையாக நுழைகிறாள். ஒவ்வோர் அறையிலும் ஒருவரின் கடைசிக் கதை, அந்தக் கதையை அவராகவே நீங்கள் விளையாடுவீர்கள். ஒருவர் கதை பட்டத்தின் நூலில், ஒருவர் கதை கேமராவில்.

ஈடித்தின் அண்ணன் லூயிஸின் கதைதான் உச்சம். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. வலது கையால் மீனை இழுத்துக் கத்திக்குக் கீழே வைத்துத் தலையை வெட்டித் தள்ள வேண்டும். வந்துகொண்டே இருக்கும். இடது கையால், அவன் மனதில் ஓடும் கற்பனை ராஜ்ஜியத்தில் ஒருவனை நடத்த வேண்டும். முதலில் அந்தக் கற்பனை திரையின் மூலையில் சின்னதாக இருக்கும். வளர்ந்து வளர்ந்து ஆலையை மறைத்துவிடும். நீங்கள் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், வலது கை பார்க்காமலே வெட்டிக்கொண்டிருக்கும். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை விட்டு எப்படி விலகிப் போகிறான் என்பதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை. கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது.

எச்சரிக்கை: இறக்கிறவர்களில் சிறு பிள்ளைகள் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் இதைக் கொடுக்கமாட்டேன். லூயிஸின் கதையில் தற்கொலை இருக்கிறது. உங்கள் அண்ணனின் இழப்பு அப்படிப்பட்டதாக இருந்தால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் தனியாக இல்லாமல், வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் விளையாடுங்கள். அழுகை வந்தால் நிறுத்திவிடலாம். இந்த ஒரு கேமுக்கு மட்டும் ஒரே மூச்சு என்ற என் பிடிவாதத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

என் மகன் இங்கே பிறந்தவன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். 'வெண்பா' என்ற கேமை என்னோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்கிறான். எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எப்படிப்பட்ட கேம் அது?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

கேட்டவனை விடாதீர்கள் அம்மா, இந்த ஞாயிறே உட்காருங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் டொரன்டோவில் விசை கேம்ஸ் என்ற குழு செய்தது, 2023 ஜூலை கடைசியில் வந்தது. 1988இல் கனடாவுக்கு வந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு வெண்பாவிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன இடத்தை யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால்தான் ஆவி ஏறும் என்பதுதான் முதல் புதிர். உங்களுக்குப் புதிரே இல்லை, உங்கள் மகனுக்குப் பெரிய புதிர். அதனால் கன்ட்ரோலர் அவன் கையில் இருக்கட்டும். புட்டுக் குழலில் தேங்காய்ப்பூ எப்போது, மாவு எப்போது என்று அவன் கேட்பான், நீங்கள் சொல்லுங்கள். தப்பாகச் செய்தால் மதிப்பெண் குறையாது, திரும்பச் செய்யலாம். வானொலியில் வரும் பாட்டுகள் இந்தக் கேமுக்கென்றே செய்தவை, ஆனால் ஒவ்வொன்றிலும் தமிழ் சினிமாவின் ஒரு காலகட்டம் கேட்கும்.

கவின் வளர வளர வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் தமிழிலிருந்தும் விலகுகிறான். அங்கே உங்களுக்கும் வலிக்கும், அவனுக்கும் வலிக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலியைப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. 2024இல் ஐ.ஜி.எஃப். முதன்மைப் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. ஒன்றரை மணி நேரம்தான் என்று குறைபட்டவர்கள் இருக்கிறார்கள். பாவலனுக்கு மட்டும் இன்னோர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். மற்றபடி அளவு சரி. முடிந்த கையோடு இருவரும் அடுப்படிக்குப் போகலாம், பொழுதும் மிச்சமிருக்கும்.

என் லேப்டாப் பழசு, கிராபிக்ஸ் கார்டு இல்லை. இவற்றில் எது ஓடும்?
— வாசகர், திண்டுக்கல்

'எ ஷார்ட் ஹைக்', 'ஃப்ளோரன்ஸ்', 'வெண்பா' மூன்றுக்கும் பெரிய சிஸ்டம் தேவையில்லை. 'போர்ட்டல்' 2007இன் கேம் என்பதால் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடிவிடும். 'ஈடித் ஃபிஞ்ச்', 'ஜர்னி' இரண்டையும் உங்கள் லேப்டாப்பில் முயல வேண்டாம். திக்கித் திக்கி ஓடினால் கேமே கெட்டுவிடும். நல்ல கணினி இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு மதியம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.